தலைவலி சொன்ன செய்தி





சென்ற மாதம் எங்கள் தெருவில் உள்ள ஒரு தாய், தன் மகளைக் கூட்டிக்கொண்டு பயணம் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்குத் திருமணமாகி ஆறு மாதம். மாப்பிள்ளை இங்கிலாந்தில் தொழில் செய்கிறார். விசா கிடைத்துவிட்டது.

"ஹஸரத், பிள்ளை தூர நாட்டுக்குத் தனியாப் போகுது. துஆச் செய்யுங்க. ரெண்டு வார்த்தை புத்தியும் சொல்லி அனுப்புங்க" என்றார் தாய்.

துஆச் செய்தேன். பிறகு அந்த மகளிடம், "அங்க போய் இறங்கினதும், வீட்டுப் பொய்லரை இந்த வருஷம் ஆராவது பார்த்தாங்களா எண்டு மாப்பிள்ளைட்டக் கேளுங்க மகள். பார்த்தா அதுக்கு ஒரு கடதாசி இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்க" என்றேன்.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொழுகையைப் பேணுவது பற்றியும் கணவனோடு இணங்கி வாழ்வது பற்றியும் ஒரு மௌலவி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் அல்லவா? மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "ஓம் மகள், அதைத்தான் முதல்ல கேக்கணும்" என்றாள்.

அவள் ஏன் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. குளிர் நாடுகளில் வாழும் மகளோ சகோதரியோ உங்களுக்கு இருந்தால் இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். இங்கே ஊரிலேயே இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

குசினி மூலையில் ஒரு பெட்டி

2010ஆம் ஆண்டு, கிழக்கு இலண்டனில் ஈஸ்ட்ஹாம் பகுதியில் பிள்ளைகளுக்கு மாலைநேரக் குர்ஆன் வகுப்பு நடத்தும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு என் மனைவியும் வந்து சேர்ந்தாள். வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட பழைய வீடுகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். குசினியின் மூலையில், இடுப்பளவு உயரத்தில், வெள்ளை நிற இரும்புப் பெட்டி ஒன்று நின்றது. அதுதான் பொய்லர்.

நம் நாட்டில் இது இல்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். அந்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு எரிவாயு தெருவுக்கு அடியிலுள்ள குழாய் வழியாக வருகிறது. அதை எரித்துத் தண்ணீரைச் சூடாக்குவது பொய்லரின் வேலை. சூடான தண்ணீரை ஒரு பம்பு அறைகள் தோறும் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்பும், வீடு கதகதப்பாகும். குளிப்பதற்கும் கழுவுவதற்கும் சுடுநீர் வருவதும் அதிலிருந்துதான். தண்ணீர் உறையும் குளிரில் பஜ்ருக்கு எழுந்து வுழூச் செய்யும்போது குழாயில் இளஞ்சூடாகத் தண்ணீர் வருவது எத்தகைய நிஃமத் என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெட்டியின் இதயம் போன்றது வெப்பமாற்றி என்னும் பாகம். ஆங்கிலத்தில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் விடயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அடுப்பில் வைத்த சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டிக்கு வெளியே நெருப்பு, உள்ளே தண்ணீர், இரண்டுக்கும் நடுவே மெல்லிய உலோகம். நெருப்பும் தண்ணீரும் ஒன்றையொன்று தொடாமல், சூடு மட்டும் கடந்து செல்கிறது. வெப்பமாற்றியும் அப்படித்தான். சூடு அதிகமாக ஏறுவதற்காக, வெளிப்பக்கத்தில் சீப்புப் பற்களைப் போல நெருக்கமான தகடுகள் வைத்திருப்பார்கள். அந்தத் தகடுகளுக்கு இடையால் ஏறும் புகைதான் புகைபோக்கி வழியாக வீட்டுக்கு வெளியே போகவேண்டும்.

எங்கள் வீட்டில் இருந்தது பழைய வகை. எரிவதற்கான காற்றைக் குசினிக்குள் இருந்தே எடுத்துக்கொள்ளும். அதற்காகவே சுவரில், தரைக்குச் சற்று மேலே, ஒரு சிறு சல்லடைத் துவாரம் இருந்தது. டிசம்பர் மாதக் குளிர்காற்று அதன் வழியாகக் கத்தி போல உள்ளே வந்தது. ஒருநாள் பழைய துவாய் ஒன்றை மடித்து அந்தத் துவாரத்துக்குள் திணித்து, மேலே டேப்பும் ஒட்டிவிட்டேன். குளிர் நின்றது. நல்ல வேலை ஒன்று செய்ததாக எனக்குள் திருப்திப்பட்டேன்.

நான் செய்த உபதேசம்

அப்போது என் மனைவி ஐந்தாம் மாதக் கர்ப்பிணி. அந்த டிசம்பரில்தான் அவளுக்குத் தலைவலி தொடங்கியது. குமட்டல், தலைச்சுற்று, எந்நேரமும் சோர்வு. "வெளியில போனா விட்டுப் போகுது. வீட்டுக்குள்ள வந்தா திரும்பப் புடிச்சிக்கிது" என்று சொன்னாள். ஒரு தடவை அல்ல, பல தடவை சொன்னாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பொறுமையின் சிறப்பைப் பற்றி அவளுக்கு உபதேசம் செய்தேன். முதற் கர்ப்பம், உம்மாவைப் பிரிந்த கவலை, புதிய நாடு, இருண்ட வானம், எல்லாம் சேர்ந்து அப்படித்தான் இருக்கும் என்றேன். அதற்குப் பிறகு அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். அவளுக்குச் சுகமாகிவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

சனி, ஞாயிறு நாட்களில் எனக்கும் தலை கனத்தது. வகுப்புப் பிள்ளைகளின் சத்தத்தால் வந்த களைப்பு என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

பொய்லரும் அதன் பாஷையில் பேசிக்கொண்டுதான் இருந்தது. சுவாலை அடிக்கடி அணைந்தது. சிறு கண்ணாடித் துவாரத்தால் பார்த்தால் நீலமாக எரியவேண்டிய சுவாலை மஞ்சளாக ஆடியது. பெட்டிக்கு மேலே சுவரில் கரி படிந்தது. வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னேன், "பார்க்கலாம்" என்றார். பொறுமை இழந்து, தெரிந்தவர் ஒருவர் மூலம் மலிவாகச் செய்யும் ஓர் ஆளை வரவழைத்தேன். அவர் மூடியைக் கழற்றி, மேலோட்டமாகத் துடைத்து, மீண்டும் பற்றவைத்து, 25 பவுண் வாங்கிக்கொண்டு போனார். எந்தக் கருவியையும் வைத்து அவர் அளந்து பார்க்கவில்லை. பற்றுச்சீட்டும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

"நீங்கள் புகைபிடிப்பீர்களா?"

2012 ஜனவரியில் ஒருநாள் காலை, கர்ப்பிணிகளைப் பார்க்கும் நிலையத்துக்கு மனைவியை அழைத்துச் சென்றேன். அங்கிருந்த மருத்துவமாது ஒரு சிறு கருவியைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து அதற்குள் ஊதச் சொன்னார். புகைபிடிக்கும் கர்ப்பிணிகளைக் கண்டறிய அங்கே செய்யும் பரிசோதனை அது. கருவியில் வந்த இலக்கத்தைப் பார்த்தவர், "நீங்கள் புகைபிடிப்பீர்களா?" என்று கேட்டார்.

மனைவிக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான்தான் மொழிபெயர்த்தேன். அவளுடைய முகம் சிவந்துவிட்டது. "கணவர் வீட்டுக்குள் புகைப்பவரா?" என்று அடுத்த கேள்வி. தாடியும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்த எனக்கு அது அவமானமாகத் தோன்றியது. சற்றுக் கடுமையாகவே பதில் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக நான்கு கேள்விகள் கேட்டார். தலைவலி இருக்கிறதா, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் இருக்கிறதா? வெளியே போனால் குறைகிறதா? பொய்லரைக் கடைசியாக எப்போது, யார் பார்த்தார்கள்? வீட்டில் காபனோரொட்சைட்டு அலாரம் இருக்கிறதா?

வெளியே போனால் குறைகிறதா என்ற கேள்வியை நான் மொழிபெயர்த்ததும், மனைவி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "நான் ஒரு மாசமா இதைத்தானே சொல்றன்."

அவள் என்ன சொல்கிறாள் என்று மருத்துவமாது கேட்டார். சகோதரிகளே, எத்தனையோ அறபு வாக்கியங்களைத் தமிழாக்கிப் பாடம் நடத்தியவன் நான். அந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவர் உடனே தொலைபேசியை எடுத்தார். நாங்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே வைத்தியசாலைக்குப் போனோம். இரத்தத்தைச் சோதித்தார்கள். மனைவிக்கு முகமூடி மாட்டிப் பல மணித்தியாலங்கள் ஒட்சிசன் கொடுத்தார்கள். வயிற்றில் இருந்த பிள்ளையின் இதயத்துடிப்பை மணிக்கு மணி கேட்டார்கள். அந்தச் சத்தம் அறைக்குள் கேட்கக் கேட்க, நான் மூலையில் உட்கார்ந்து ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் விளக்கினார். எரிவாயு போதிய காற்றோடு எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும்தான் உண்டாகும். காற்றுப் போதாவிட்டால் காபனோரொட்சைட்டு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் எரிக்காது. எரிவாயு கசிந்தால் மணக்கும். அதற்கென்றே மணப்பொருள் கலந்திருக்கிறார்கள். ஆனால் இந்த வாயு வந்து நிற்பது தெரியாது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு இது ஒட்டிக்கொள்கிறது. காய்ச்சல் இல்லாத தடிமன் போலத் தலைவலி, குமட்டல், சோர்வு என்று தொடங்கி, கூடினால் மயக்கம், அதற்கும் மேலே மரணம். தாயைவிட வயிற்றிலுள்ள சிசுவுக்கு ஆபத்து அதிகம். வெளிக்காற்றில் சில மணித்தியாலங்கள் இருந்தால் உடம்பை விட்டுக் குறையும். அதனால்தான் அவளுக்கு வெளியே போனால் சுகமானது. காலையில் வீட்டிலிருந்து நேரே போனதால்தான் கருவியிலும் பிடிபட்டது.

மூடியைத் திறந்தபோது

அவசர சேவையினர் வந்து மானியோடு எரிவாயுவை நிறுத்தி, பொய்லரில் எச்சரிக்கைச் சீட்டுக் கட்டிவிட்டுப் போனார்கள். திருத்துவது அவர்கள் வேலை அல்ல. அதற்கு, பிரித்தானியாவில் 'காஸ் சேஃப்' பதிவேட்டில் பெயருள்ள ஒருவர் வரவேண்டும். 2009 ஏப்ரல் முதல் இந்தப் பதிவேடு நடைமுறையில் இருக்கிறது. வந்தவர் முதலில் தன் படம் பதித்த அட்டையைக் காட்டினார். எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்பது அதன் பின்புறத்தில் எழுதியிருந்தது.

அவர் மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துக் காட்டினார். வெப்பமாற்றியின் தகடுகள் தெரியவே இல்லை. இடைவெளி முழுவதும் கரி. சட்டியின் அடியில் நாம் சுரண்டுவோமே, அது விரற்கடைத் தடிப்பில் அடைத்திருந்தது. "காற்றுக் குறைந்தால் சுவாலை மஞ்சளாகும். மஞ்சள் சுவாலை கரியைத் தரும். கரி தகடுகளை அடைக்கும். அடைத்தால் புகை மேலே போகாது. புகை போகாவிட்டால் இன்னும் மோசமாக எரியும். கடைசியில் எல்லாம் உங்கள் குசினிக்குள் வரும்" என்றார். பிறகு சுவரடியில் குனிந்து, டேப்பைக் கிழித்து, என் துவாயை உருவி எடுத்தார். "இதை யார் வைத்தது?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருந்தது. சொன்னேன்.

கரியை நீளமான தூரிகையால் இறக்கி, உறிஞ்சியெடுத்து, எரியியைச் சுத்தம் செய்து, புகைபோக்கி இழுக்கிறதா என்று சோதித்து, புகையிலுள்ள வாயுக்களைக் கருவியால் அளந்து பார்ப்பதுதான் வருடாந்தம் நடந்திருக்க வேண்டிய பராமரிப்பு. ஆனால் எங்கள் பொய்லரில் வார்ப்பிரும்புத் துண்டுகளின் இணைப்புகளும் எரிந்து பழுதாகியிருந்தன. இதைத் திருத்துவதில் பயனில்லை என்று எழுதிக் கொடுத்தார். வாடகை வீட்டின் எரிவாயுச் சாதனங்களை ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பித்து, அந்தப் பத்திரத்தை வாடகைக்கு இருப்பவருக்குக் கொடுப்பது 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. அவர் அதைச் செய்திருக்கவில்லை. சட்டம் அவர்மேல் குற்றம் சொன்னது உண்மை. ஆனால் துவாரத்தை அடைத்த கை என்னுடையது.

புதிய பெட்டி, புதிய நோய்

இரண்டு வாரங்களின் பின் புதிய பொய்லர் பூட்டினார்கள். 2005 முதல் இங்கிலாந்தில் புதிதாகப் பூட்டுபவை பெரும்பாலும் புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து, அதன் சூட்டையும் மீட்டெடுக்கும் வகை. காற்றை வெளியிலிருந்தே குழாய் வழியாக எடுக்கும். இனிக் கவலையில்லை என்று நினைத்தோம். ஆனால் சட்டிக்கு இரண்டு பக்கம் உண்டு. முன்பு நெருப்புப் பக்கம் நோய். இரண்டு ஆண்டுகளில் தண்ணீர்ப் பக்கம் நோய் வந்தது.

இலண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். யாழ்ப்பாணம், புத்தளம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியுமே, அதேதான். புதிய பொய்லரில் குழாய்த் தண்ணீரைச் சூடாக்க, மெல்லிய தகடுகளை அடுக்கிய இரண்டாவது வெப்பமாற்றி ஒன்று உண்டு. அதில் சுண்ணாம்பு படிந்து, குளிக்கும்போது தண்ணீர் ஒரு நிமிடம் சுடும், அடுத்த நிமிடம் குளிரும். எஞ்ஜினியர் அதைக் கழற்றிப் புதியது போட்டார். ரேடியேட்டர்களில் ஓடும் தண்ணீரோ மை போலக் கறுப்பாக வந்தது. இரும்பு அரித்து உண்டாகும் கறள் சேறு அது. இதுவும் வெப்பமாற்றியின் வழிகளை அடைக்கும். தண்ணீரைக் கழுவி வெளியேற்றி, அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்து, கறளைப் பிடிக்கக் காந்தம் வைத்த வடிகட்டி ஒன்றும் பூட்டினார். பிரதான வெப்பமாற்றியில் சுண்ணாம்பு படிந்தால் கேத்தல் கொதிப்பது போன்ற சத்தம் கேட்கும்; அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள் என்றும் சொன்னார்.

உங்கள் கையும் அவர் கையும்

வீட்டிலுள்ளவர் செய்யக்கூடியவை சில உண்டு. குளிர்ந்திருக்கும்போது அமுக்கமானியின் முள் 1க்கும் 1.5க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்கலாம். ரேடியேட்டரின் மேற்பகுதி மட்டும் குளிர்ந்தால், அதற்குரிய திறப்பால் காற்றை வெளியேற்றலாம். கடுங்குளிரில், பொய்லரிலிருந்து வெளியே போகும் கழிவுநீர்க் குழாய் உறைந்தால், இளஞ்சூட்டு நீரை ஊற்றி இளக்கலாம், கொதிநீர் ஊற்றக்கூடாது. காற்றுத் துவாரங்களை ஒருபோதும் அடைக்கக்கூடாது.

பொய்லரின் மூடியைக் கழற்றுவது மட்டும் நம் வேலை அல்ல. வெப்பமாற்றியைத் துப்புரவாக்குவது சட்டி கழுவுவது போலத் தோன்றும். ஆனால் திறந்தபின் அடைப்பு நாடாக்களைப் புதிதாகப் போட்டு, மூடியபின் புகையை அளந்து பார்க்காவிட்டால், சுத்தம் செய்தவரே நஞ்சுக்கு வழி திறந்தவராவார்.

காபனோரொட்சைட்டு அலாரத்தைப் பொய்லர் உள்ள அறையிலேயே வைத்து, மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்கும் காலாவதித் திகதி உண்டு. இங்கிலாந்தில் பொய்லர் போன்ற நிலையான எரிசாதனம் உள்ள வாழும் அறைகளில் இந்த அலாரம் வைப்பது 2022 ஒக்டோபர் முதல் வீட்டுச் சொந்தக்காரரின் சட்டக் கடமை. அது ஒலித்தால், அல்லது உங்களுக்குச் சந்தேகம் வந்தால், பொய்லரை நிறுத்தி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்துவிடுங்கள். பிரித்தானியாவில் அழைக்கவேண்டிய எரிவாயு அவசர இலக்கம் 0800 111 999.

இங்கே ஊரில் இருப்பவர்களுக்கு: மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைக்காதீர்கள். பிள்ளை பெற்றவளின் அறையில் சாம்பிராணி போடும்போதும் கதவைத் திறந்து வையுங்கள். மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலடியிலோ ஓட விடாதீர்கள். காஸ் அடுப்பின் சுவாலை மஞ்சளாகி, சட்டியின் அடி கறுத்தால் எரியியைக் கவனியுங்கள். பொய்லர் நம்மிடம் இல்லாவிட்டாலும் இந்த நஞ்சு நம்மிடமும் உண்டு.

நான் படித்த பாடம்

மதீனாவில் ஒரு வீடு இரவில் வீட்டாரோடு எரிந்த செய்தி எட்டியபோது, உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உண்டு. குளிர்நாட்டில் இரவிலும் அணைக்க முடியாத நெருப்பு பொய்லர். அணைக்க முடியாவிட்டால் காவல் வைக்கவேண்டும். வருடாந்தப் பரிசோதனையும் அலாரமும்தான் அந்தக் காவல்.

வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்தவன் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்திலான ஹதீஸ் அபூதாவூதில் வருகிறது. அதைப் பல தடவை பாடமாக நடத்தியிருக்கிறேன். 25 பவுணுக்காக ஒருவர் என் வீட்டுப் பொய்லரைத் திறந்தபோது அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, சகோதரிகளே, உங்களிடம் ஒன்று சொல்கிறேன். உங்கள் உடம்பு சொல்வதை நீங்கள் நம்புங்கள். பொறுமை செய்யுங்கள் என்று யாராவது சொன்னால், அது நானாகவே இருந்தாலும், பொறுமையும் செய்யுங்கள், திரும்பவும் சொல்லுங்கள். சகோதரர்களே, இதை நீங்கள் படிக்க நேர்ந்தால், வீட்டில் தலைவலி என்று ஒருத்தி சொன்னால் உபதேசத்துக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எப்போது வருகிறது, எங்கே போனால் குறைகிறது?

அல்ஹம்துலில்லாஹ், அந்த ஆண்டு மே மாதம் எங்களுக்கு ஒரு மகள் சுகமாகப் பிறந்தாள். இன்று அவள் விஞ்ஞான பாடத்தில் காபனோரொட்சைட்டைப் பற்றிப் படிக்கும் வயதில் இருக்கிறாள். நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது என் மனைவி அங்கிருந்து கொண்டுவந்த பொருட்களில் அந்தப் பழைய அலாரமும் ஒன்று. திகதி எப்போதோ முடிந்துவிட்டது, வேலை செய்யாது. ஆனாலும் குசினி அலுமாரியில் வைத்திருக்கிறாள்.

சென்ற மாதம் பயணம் சொல்ல வந்த அந்தப் பிள்ளைக்கு அவள் அதை எடுத்துக் காட்டினாள். "இது பழசு மகள், இதைத் தரமாட்டன். போனதும் புதுசு ஒண்டு வாங்குங்க" என்றாள். பிள்ளை இப்போது சிரிக்கவில்லை. தொலைபேசியை எடுத்து அலாரத்தைப் படம் பிடித்துக்கொண்டாள்.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளையும், தூர நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளின் வீடுகளையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.